தொப்புளைச் சுற்றி ஏன் நீலம்? வீட்டில் போடும் தோலடி ஊசியில் வலியும் ரத்தக்கட்டும்

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ரத்தம் உறையாமலிருக்க ஒரு பையில் பத்து ஊசிகளைக் கொடுத்து, "தினமும் வயிற்றில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நான்காம் நாள் பார்த்தால் தொப்புளுக்கு இருபுறமும் நீலமும் ஊதாவுமாகத் திட்டுகள். வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோகிறார்கள். ஊசி போட்ட விதம் தப்பா, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா, நிறுத்திவிடலாமா என்று கேள்விகள் வருகின்றன.

இதே கேள்வி இன்று பல வீடுகளில் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கக் கர்ப்பகாலம் முழுக்க ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள், குழந்தைப்பேறு சிகிச்சையில் ஹார்மோன் ஊசி போடுபவர்கள், டயாலிசிஸுக்குப் போகும் நாளில் ரத்தம் ஊறுவதற்கான ஊசி வாங்குபவர்கள், பல ஆண்டுகளாக இன்சுலினோடு வாழ்பவர்கள் என்று பட்டியல் நீளம். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு, சர்க்கரைக்காகவோ உடல் எடைக்காகவோ வாரம் ஒருமுறை தானே ஊசி போட்டுக்கொள்ளும் புதுக்கூட்டம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மவுஞ்சாரோ முதலில் சிறு குப்பியாகத்தான் வந்தது. சிரிஞ்சைக் கையில் எடுத்தே பழகாதவர்கள் அரை மி.லி. மருந்தை உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது.

குழப்பத்துக்கு முக்கியக் காரணம், கிடைக்கும் யோசனைகள் ஒன்றையொன்று மறுப்பதுதான். "காற்றை வெளியே தள்ளிவிட்டுப் போடு" என்கிறார் ஒருவர். "காற்றுக் குமிழைத் தொடாதே" என்கிறார் இன்னொருவர். ஐஸ் வை, வைக்காதே. தேய்த்து விடு, தேய்க்காதே. இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு மருந்துக்குச் சரி, இன்னொன்றுக்குத் தப்பு. எது எதற்கு என்று தெரிய வேண்டுமானால் ஊசி எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தோல், கொழுப்பு, தசை

உடலில் ஊசி முனை சந்திக்கும் அடுக்குகள் மூன்று.

1. தோல். வயிறு, தொடை, மேல்கை என்று எங்கே அளந்தாலும் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 2 மி.மீ. கனம்தான். ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. வலியை உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பது இங்கேதான்.

2. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறுவது இதன் கனம். வலி நரம்புகள் இங்கே குறைவு. மெல்லிய ரத்தக்குழாய்கள் ஊடுருவிக் கிடக்கின்றன. தோலடி ஊசியின் மருந்து தங்க வேண்டிய இடம் இது.

3. தசை. ரத்த ஓட்டம் அதிகம், வலியும் அதிகம். தோலடி ஊசி இங்கே வரை போகக் கூடாது. இன்சுலின் தசைக்குள் போனால் வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடலாம்.

இந்த மூன்றையும் மனதில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். குத்தும் வலி பெரும்பாலும் தோலின் விவகாரம். முனை எவ்வளவு கூர், தோலை எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதைப் பொறுத்தது. ரத்தக்கட்டு பெரும்பாலும் கொழுப்பு அடுக்கின் விவகாரம். உள்ளே போன பிறகு ஊசி எவ்வளவு அசைகிறது, மருந்தை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோம், எடுத்த பிறகு அந்த இடத்தை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் வலியே இல்லாமல் போட்ட ஊசியும் மறுநாள் நீலமாகிறது. சுருக்கென்று குத்திய ஊசி சில நேரம் தடமே விடுவதில்லை. வலிக்கவில்லையே, பிறகு ஏன் ரத்தம் கட்டியது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

ஊசியின் நீளம் பற்றிய பயமும் இங்கேயே தெளிந்துவிடும். பேனா வடிவக் கருவியான இன்சுலின் பென்னுக்கு 4 மி.மீ. ஊசி போதும் என்றால், "எனக்குத் தொப்பை பெரிசு, இத்துனூண்டு ஊசி எப்படிப் போதும்?" என்று பலர் நம்ப மறுக்கிறார்கள். தாண்ட வேண்டியது 2 மி.மீ. தோலை மட்டும்தான். தொப்பை எவ்வளவு பெரிதானாலும் தோல் அதேதான். கொழுப்புக்குள் ஒரு மி.மீ. போனாலும் பத்து மி.மீ. போனாலும் மருந்து சேர வேண்டிய அடுக்கில் சேர்ந்துவிடுகிறது. நீள ஊசி கூடுதலாகத் தருவது தசையைத் தொடும் ஆபத்தை மட்டுமே. 2015இல் ரோம் நகரில் பல நாட்டு நிபுணர்கள் கூடி வகுத்த இன்சுலின் ஊசி வழிகாட்டுதல்களும் 4 மி.மீ. பென் ஊசியையே எல்லா உடல்வாகு கொண்ட பெரியவர்களுக்கும் பரிந்துரைக்கின்றன.

ஊசியின் பருமனைக் குறிக்கும் கேஜ் எண்ணில் ஒரு தலைகீழ்க் கணக்கு உண்டு. எண் கூடக் கூட ஊசி மெல்லிசாகும். தசையில் போடப் பரவலாகப் பயன்படும் 23 கேஜ் ஊசி 0.6 மி.மீ.க்குச் சற்று அதிகம். இன்சுலினுக்கான 31 கேஜ் சுமார் 0.25 மி.மீ. ஜப்பானின் டெருமோ நிறுவனம் 2005இல் நுனி 0.2 மி.மீ. மட்டுமே உள்ள ஒரு இன்சுலின் ஊசியைக் கொண்டுவந்தது. ஊசி இவ்வளவு மெலிந்த பிறகும் வலி மிச்சமிருக்கிறது என்றால், மற்றக் காரணங்களைத் தேடத்தான் வேண்டும்.

வலி கூடுவதற்கான காரணங்கள்

1. ஈரமான ஸ்பிரிட். பஞ்சால் துடைத்த கையோடு குத்தினால் ஊசி முனை ஸ்பிரிட்டையும் சேர்த்துத் துளைக்குள் இழுத்துப் போகிறது. பலர் "மருந்து எரிகிறது" என்று சொல்வது இந்த எரிச்சலைத்தான். துடைத்துவிட்டு அது தானாகக் காயும்வரை பொறுக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது, விசிறவும் வேண்டாம். வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் குளித்துச் சுத்தமாக இருக்கும் தோலில் ஸ்பிரிட் இல்லாமலே போடலாம் என்பது இன்று ஏற்கப்பட்ட வழக்கம்.

2. குளிர்ந்த மருந்து. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, போட்டால் உள்ளே வலிக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து போடுங்கள். வெந்நீரில் வைப்பதும் வெயிலில் காட்டுவதும் மருந்தைக் கெடுத்துவிடும்.

3. பழைய ஊசி. புது ஊசியின் மேல் கண்ணுக்குத் தெரியாத சிலிகான் பூச்சு இருக்கும். தோலை வழுக்கிக்கொண்டு கடக்க உதவுவது அதுதான். ஒருமுறை போட்டதும் பூச்சு தேயத் தொடங்குகிறது. மெல்லிய முனை வளைகிறது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் தூண்டில் முள் போல நுனி மடங்கியிருக்கும். அடுத்த முறை அது தோலைத் துளைப்பதற்குப் பதில் கிழித்துக்கொண்டு போகிறது. அதே காரணத்தால் ரத்தக்குழாயும் கிழிகிறது. செலவை நினைத்து ஒரே ஊசியை ஒரு வாரம் ஓட்டும் வீடுகள் ஏராளம். அவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. ஆனால் "வரவர ஊசி ரொம்ப வலிக்குது" என்று அவர்கள் சொல்லும்போது, மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் ஊசியைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஊசியையோ பென்னையோ, ஊசி முனையை மாற்றினால்கூட, இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது.

4. தயங்கித் தயங்கிக் குத்துவது. முனையைத் தோலில் வைத்து மெதுவாக அழுத்தினால் ஒவ்வொரு நரம்பு முனையும் முறை வைத்து அலறும். குத்துவது சட்டென்று ஒரே வீச்சில் இருக்க வேண்டும். தள்ளுவது நிதானமாக இருக்க வேண்டும். பயத்தில் பெரும்பாலோர் இதை அப்படியே மாற்றிச் செய்கிறார்கள்: மெல்லக் குத்தி, சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று வேகமாகத் தள்ளுகிறார்கள்.

5. முடிவேர். தொடையிலும் வயிற்றிலும் முடி முளைத்திருக்கும் புள்ளியில் குத்தினால் வலி அதிகம். ஒரு நூல் தள்ளிக் குத்தினால் போதும்.

6. மருந்தின் தன்மை. இதில் நம் கைத்திறன் எதுவும் செய்ய முடியாது. கிளார்ஜின் இன்சுலின் அமிலத்தன்மை கொண்டது, அதனால் சிலருக்குக் காந்தும். மூட்டுவாதத்துக்குப் போடும் அடாலிமுமாப் மருந்தில் சிட்ரேட் சேர்ந்த பழைய வடிவம் அதிகம் எரிந்தது. சிட்ரேட்டை நீக்கிய வடிவம் வந்த பிறகு வலி நன்றாகக் குறைந்தது. இப்படி மாற்று வடிவம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி.

மருந்தின் தன்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்சுலினின் முதல் நாளே சாட்சி. 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். கணையத்திலிருந்து எடுத்த அந்தச் சாறு போதிய சுத்தமாக இல்லை. சர்க்கரை சற்றே குறைந்தது, போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. சாற்றை மேலும் சுத்திகரித்து ஜனவரி 23 அன்று மறுபடி போட்டபோதுதான் மருந்து வேலை செய்தது.

வலியை ஏமாற்ற ஒரு எளிய வழி, குத்துவதற்கு முன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பிடிப்பது. அழுத்தத்தைச் சொல்லும் நரம்புச் செய்தி முந்திக்கொண்டு போய், வலிச் செய்தி தண்டுவடத்தில் நுழையும் வாசலை ஓரளவு அடைக்கிறது. ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்த வாசல் கோட்பாடு இது. இடித்துக்கொண்ட முட்டியை நாம் கையால் அழுத்திக்கொள்வதும் இதே காரியம்தான்.

நீலம் எப்படி உண்டாகிறது

கொழுப்பு அடுக்கில் உள்ள மெல்லிய குழாய் ஒன்றை ஊசி கீறிவிடுகிறது. ரத்தம் கசிந்து கொழுப்புக்குள் பரவுகிறது. தோல் வழியாகப் பார்க்கும்போது அது நீலமாகத் தெரிகிறது. சில நாளில் உடல் அந்த ரத்தத்தின் ஹீமோகுளோபினைச் சிதைக்கத் தொடங்கும். முதலில் பச்சை நிறப் பொருளாக, பிறகு மஞ்சள் நிறப் பொருளாக அது மாறுகிறது. நீலத் திட்டின் ஓரம் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி மங்குவதைப் பார்த்து "விஷம் பரவுகிறது" என்று பயப்பட வேண்டாம். ஆறுவதன் அடையாளம் அது.

சாதாரணமாக இந்தக் கசிவு சில நிமிடத்தில் நின்றுவிடும், ஏனென்றால் ரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்கும். எனாக்ஸாபரின் போன்ற ஹெப்பாரின் வகை மருந்தின் வேலையே ரத்தம் உறைவதைத் தடுப்பது. எந்த இடத்தில் ஓட்டை விழுந்ததோ அதே இடத்தில், உறைய விடாத மருந்தையும் ஊற்றுகிறோம். ஆகவே இந்த ஊசியில் ஓரளவு ரத்தக்கட்டு வரத்தான் செய்யும். ஊசி போட்டவர் தப்புச் செய்துவிட்டார் என்றோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. நீலத்தைப் பார்த்துப் பயந்து தானாக ஊசியை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கத்தான் இந்த ஊசியைக் கொடுக்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளும் கூடவே ஓடினால் திட்டுகள் இன்னும் பெரிதாகத் தெரியும்.

எனாக்ஸாபரின் போடும் முறை, காரணத்தோடு

1. படுத்துக்கொண்டோ நன்றாகச் சாய்ந்தோ போடுங்கள். நிற்கும்போது வயிற்றுத் தசை இறுகியிருக்கும், சதையை மடிப்பாகத் தூக்கிப் பிடிக்க முடியாது.

2. இடம்: வயிற்றின் இடது அல்லது வலது பக்கவாட்டு. தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ., அதாவது மூன்று விரல் அகலத்துக்குக் குறையாமல் தள்ளி. இன்று இடது என்றால் நாளை வலது. அறுவைத் தழும்பு, ஏற்கெனவே நீலமான இடம், கண்ணுக்குத் தெரியும் ரத்தக்குழாய் ஆகியவற்றைத் தவிர்க்கவும். பாவாடை நாடாவோ பெல்ட்டோ அழுந்தும் வரிசையையும் விட்டுவிடுங்கள். நாள் முழுக்க அங்கே உராய்ந்தால் சின்னத் திட்டும் பெரிதாகும்.

3. காற்றுக் குமிழை வெளியே தள்ள வேண்டாம். மருந்து நிரப்பியே வரும் 40 மி.கி. சிரிஞ்சில் அந்தக் குமிழ் காரணத்தோடு இருக்கிறது. ஊசி முனை கீழே பார்க்கும்போது குமிழ் மேலே, பிஸ்டனை ஒட்டி மிதக்கும். மருந்து முழுக்கப் போன பிறகு கடைசியாகக் குமிழ் போய், ஊசிக்குள் நிற்கும் கடைசித் துளியையும் உள்ளே தள்ளுகிறது. இதனால் முழு அளவு மருந்தும் உள்ளே போகிறது. ஊசியை உருவும்போது வழிநெடுக மருந்து ஒழுகுவதும் குறைகிறது. "காற்று உடம்புக்குள் போனால் உயிர் போய்விடும்" என்ற பயம் ரத்தக்குழாயில் ஏற்றும் ஊசியிலிருந்து வந்தது. கொழுப்புக்குள் போகும் இந்தச் சிறு குமிழால் ஒன்றும் ஆகாது. சிரிஞ்சில் இருப்பதைவிடக் குறைந்த அளவு எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், கூடுதல் மருந்தை எப்படி வெளியேற்றுவது என்று நர்ஸிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

4. முனையில் துளி தொங்கினால், ஊசியைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டி உதிர்த்துவிடுங்கள். பஞ்சால் துடைக்க வேண்டாம். அந்தத் துளி தோலுக்குள் போனால் துளையைச் சுற்றியே நீலம் பிடிக்கும்.

5. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சதையை மெதுவாகத் தூக்கி மடிப்பாகப் பிடியுங்கள். கிள்ளுகிற மாதிரி நெரித்தால் அந்த நெரிப்பே ரத்தம் கட்ட வைக்கும். இந்த ஊசி 12 மி.மீ.க்கு மேல் நீளம், முழுசாக உள்ளே போக வேண்டியது. மடிப்பு இல்லாவிட்டால் ஒல்லியானவருக்குத் தசையை எட்டிவிடும். மருந்து முழுக்கப் போய் ஊசியை வெளியே எடுக்கும்வரை மடிப்பை விடக் கூடாது.

6. நேராக, செங்குத்தாக, ஒரே வீச்சில் குத்துங்கள். குத்திய பிறகு பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம். தசையில் போடும் ஊசியின் பழக்கம் அது. இங்கே ஊசி அசைந்து குழாயைக் கிழிக்க மட்டுமே பயன்படும்.

7. மெதுவாகத் தள்ளுங்கள். ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணலாம். 10 விநாடியில் தள்ளுவதையும் 30 விநாடியில் தள்ளுவதையும் ஒப்பிட்ட ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. மெதுவாகத் தள்ளியவர்களுக்கு இரண்டு நாள் கழித்து ரத்தக்கட்டின் அளவு குறைவாக இருந்தது. சான்று வலுவானது என்று அவர்களே சொல்லவில்லை. ஆனால் இருபது விநாடி கூடுதலாகச் செலவழிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை, எனவே முயன்று பார்க்கலாம் என்றே தோன்றுகிறது.

8. குத்திய அதே கோணத்தில் நேராக உருவுங்கள். பஞ்சை வைத்து ஓரிரு நிமிடம் லேசாக அழுத்திப் பிடித்தால் போதும். தேய்க்கக் கூடாது.

இன்சுலினில் மாறுவது என்ன

மேலே சொன்னதை அப்படியே இன்சுலினுக்குக் கொண்டுவந்தால் தவறாகும்.

முதலாவது, காற்று. இன்சுலின் பென்னில் காற்று இருந்தால் உள்ளே போகும் மருந்தின் அளவு (யூனிட்) குறையும். அதனால் ஒவ்வொரு முறையும் முனையை மேலே பார்க்கப் பிடித்து 2 யூனிட் தள்ளி, ஒரு துளி வெளிவருவதைக் கண்ணால் பார்த்த பிறகே போட வேண்டும். போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே வைத்தால் காற்று உள்ளே போகும், மருந்து கசியும்.

இரண்டாவது, மடிப்பு. 4 மி.மீ. பென் ஊசிக்குப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மடிப்பே வேண்டாம், நேராகக் குத்தலாம். ரொம்ப ஒல்லியானவர்களும் குழந்தைகளும் மடித்துப் பிடிக்க வேண்டும். சிரிஞ்சின் 8 மி.மீ. ஊசி என்றால் மடிப்பு தேவை, ஒல்லியானவர்கள் சாய்த்தும் குத்த வேண்டும்.

மூன்றாவது, பத்து எண்ணுவது. பென்னின் பட்டன் முழுக்க இறங்கிய பிறகும் மெல்லிய ஊசி வழியே மருந்து போய்க்கொண்டுதான் இருக்கும். பத்து எண்ணிவிட்டு எடுத்தால் தோலில் மருந்து வழியாது.

இடையில் ஒரு எச்சரிக்கை, வலியோடு சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டியது. இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.யில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பென்னில் இருப்பது பெரும்பாலும் ஒரு மி.லி.யில் 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. அத்தகைய பென்னிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சி 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். பென் பழுதானால் இப்படிச் செய்யத் துணியாதீர்கள், உடனே மருத்துவரையோ மருந்துக் கடைக்காரரையோ கேளுங்கள்.

இன்சுலினில் ரத்தக்கட்டைவிடக் கவலைப்பட வேண்டியது வேறொன்று: கொழுப்புக் கட்டி. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் குத்தினால் அங்கே கொழுப்பு திரண்டு ரப்பர் போலத் தடிக்கிறது. அங்கே குத்தினால் வலிக்காது. அதனாலேயே பலர் தெரிந்தோ தெரியாமலோ அதே இடத்தைத் தேடிப் போகிறார்கள். வலி இல்லாத இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆனால் அங்கே போட்ட இன்சுலின் ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் வேகமாகவும் ரத்தத்தில் சேரும். சர்க்கரை காரணமே இல்லாமல் ஏறி இறங்கும். ஸ்பெயினில் இன்சுலின் போடும் 430 பேரைத் தொட்டுப் பார்த்துச் செய்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு இந்தக் கட்டி இருந்தது. அதை வெளியிட்டது 2013இல்.

கட்டி கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். கையில் கொஞ்சம் சோப்பு நுரையோ எண்ணெயோ தடவிக்கொண்டு, வழக்கமாகக் குத்தும் இடத்தில் விரல்நுனியை வட்டமாக ஓட்டிப் பாருங்கள். சுற்றியுள்ள சதை இரண்டு விரலுக்குள் மெல்லிசாக மடிபடும். கட்டி உள்ள இடம் மடிபடாமல் திணறும். இதைத் தடுக்க வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம் என்று மாற்றுங்கள். கட்டத்துக்குள்ளும் ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் அகலம் இடைவெளி விடுங்கள். கட்டி உள்ள இடத்தை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே யூனிட் கூடுதலாக வேலை செய்து சர்க்கரை தாழ்ந்துவிடலாம். எனவே மருத்துவரைக் கேட்டு அளவைச் சரிசெய்துகொண்டே மாற வேண்டும்.

சென்னை, மதுரை வெயிலுக்கு ஒரு வார்த்தை. "திறந்த குப்பியை அறை வெப்பநிலையில் வைக்கலாம்" என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் 25 முதல் 30 டிகிரி வரைக்கான கணக்கு. நம்மூரில் மே மாத அறை அதைத் தாண்டிவிடும். ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில் வைத்து, போடுவதற்கு முன் வெளியே எடுப்பதே நல்லது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் மூடிய டப்பாவில் வைக்கும் பழைய வழி உண்மையாகவே வெப்பத்தைக் குறைத்துத் தருகிறது. ஃப்ரீசரில் வைத்து உறைந்த இன்சுலின் பயன்படாது.

தேய்ப்பதும் ஐஸும் ஒத்தடமும்

சிறு வயதில் இடுப்பில் ஊசி போட்டுவிட்டு, "நல்லா தேய்ச்சு விடும்மா" என்று நர்ஸ் சொன்னது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அது தசை ஊசியின் வழக்கம். தோலடி ஊசியில் தேய்த்தால், ஹெப்பாரின் என்றால் கீறிய குழாயிலிருந்து இன்னும் ரத்தம் கசியும், இன்சுலின் என்றால் மருந்து எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். இரண்டிலும் தேய்க்கக் கூடாது, காரணம் மட்டும் வேறு.

ஐஸ் விஷயம் அப்படியில்லை. துணியில் சுற்றிய ஐஸை இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் தோல் மரத்துப்போகும், குழாய்களும் சுருங்கும். ஹெப்பாரின் வகைக்கு ஊசிக்கு முன்னும் பின்னும் இது உதவும். இன்சுலினுக்கு ஐஸும் வேண்டாம், சுடு ஒத்தடமும் வேண்டாம். குளிர் மருந்து சேர்வதைத் தாமதமாக்கும், சூடு வேகமாக்கும். இன்சுலின் போட்ட உடனே வெந்நீரில் குளிப்பதையும் தள்ளிப்போடலாம். ஹெப்பாரின் திட்டின் மேல் முதல் நாளே சுடு ஒத்தடம் கொடுத்தால் ரத்தக்கட்டு பெரிதாகும்.

கர்ப்பிணிகள் கேட்பது

"வயிற்றில் குத்தினால் குழந்தைக்குப் படாதா?" என்பதே முதல் கேள்வி. படாது. தோல், கொழுப்பு, தசை, கருப்பைச் சுவர் என்று நான்கு மதில்களுக்கு அப்பால் இருக்கிறது குழந்தை. மடிப்பில் போடும் ஊசி இரண்டாம் மதிலிலேயே நின்றுவிடும். கடைசி மூன்று மாதங்களில் வயிற்றின் முன்பக்கத் தோல் இழுபட்டு மடிப்பு கிடைக்காது. அப்போது இடுப்புக்கு அருகே பக்கவாட்டில் மடித்துப் போடலாம். அங்கும் மடிப்பு கிடைக்கவில்லை என்றால் தொடையின் வெளிப்பக்கத்துக்கு மாறலாமா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேளுங்கள்.

போட்ட ஊசிகளை என்ன செய்வது

போட்ட ஊசிகளைப் பால் கவரில் போட்டுக் குப்பையோடு வீசாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, மருத்துவமனையில் ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் தொழிலாளிகளின் விரலில்தான் அவை குத்துகின்றன.

எது சாதாரணம், எது இல்லை

ஊசி போட்ட இடத்தில் காசு அளவு, எலுமிச்சை அளவு நீலம், தொட்டால் லேசான வலி, சின்னக் கழலை போன்ற தடிப்பு ஆகியவை ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். கீழே உள்ளவை மறையக் காத்திருக்க வேண்டியவை அல்ல, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை.

1. திட்டு மணிக்கு மணி பெரிதாவது. வயிற்றுச் சுவரில் கெட்டியான, கடுமையாக வலிக்கும் வீக்கம்.

2. ஊசி போடாத இடங்களிலும் நீலம். ஈறிலோ மூக்கிலோ நிற்காத ரத்தம். கறுத்த மலம், சிவந்த சிறுநீர்.

3. அந்த இடம் சிவந்து சூடாகி, சீழ் கோத்து, காய்ச்சலும் வருவது.

4. ஊசி போட்ட தோல் கறுத்துப் புண்ணாவது.

5. ஹெப்பாரின் வகை ஊசி தொடங்கி ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் கால் புதிதாக வீங்குவது, மூச்சு வாங்குவது. இந்த மருந்தே சிலருக்கு ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, தடுக்க வேண்டிய ரத்த உறைவையே உண்டாக்கிவிடும். அரிதாக நடப்பது இது. தட்டணு எண்ணிக்கையை எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று, ஊசிகளை எழுதிக் கொடுக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு அந்தத் தேதியைச் சீட்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.